ஒரு கப்பலுக்கு மூன்று புள்ளிகள்

சென்ற தை மாதம் நாகப்பட்டினத்தில் நடந்த கப்பல்காரர்கள் சந்திப்பில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் ஒலிபெருக்கியில், நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பலோட்டிய கடைசித் தலைமுறை என்று என்னை அறிமுகம் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மைக்கை வாங்கி, நட்சத்திரத்தைப் பார்த்து யாரும் கப்பலோட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓட்டினோம் என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். நான் என்ன சொன்னேன் என்பது யார் காதிலும் விழவில்லை என்று அப்போது புரிந்தது.

ஒருத்தி காதில் விழுந்திருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பெயர் கலைவாணி, ஊர் திருத்துறைப்பூண்டி. எண்ணெய்க் கப்பலில் செகண்ட் ஆபீசர், விடுப்பில் வந்திருக்கிறாள். வளைகுடாவில் போய்க்கொண்டிருந்தபோது யாரோ செயற்கைக்கோள் குறியைக் குழப்பிவிட்டார்கள். திரையில் அவள் கப்பல் ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் நிற்பதாகக் காட்டியதாம். அதன்பிறகு அவளுடைய கம்பெனி எல்லாக் கப்பல்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. தினமும் கடிகாரத்தின் பிழையைச் சோதிக்க வேண்டும், செக்ஸ்டன்டை எடுத்துச் சூரியனின் உயரத்தையும் அளக்க வேண்டும். அவளுடைய கேப்டன், "யார் பார்க்கப்போறாங்க, பிழை பூஜ்யம்னு போட்டுடு" என்றிருக்கிறார்.

"போடமாட்டேன்னுட்டேன் அங்கிள். அவரு என்னோட பேசறதையே நிறுத்திட்டாரு" என்றாள். "நீங்களும் ஒரு கேப்டன்கிட்ட மாட்டேன்னு சொன்னீங்களாமே. உங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

கடிகாரத்தை எப்படிச் சோதித்தோம் என்று ஆரம்பித்தேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே மறித்தாள். "முறையெல்லாம் படிச்சுத்தான் பரீட்சை எழுதினேன். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எதற்கும் தேதி குறித்து வைக்கும் ஆள். மேட்டூர் அணை திறந்த நாள், எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த நாள், படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்தையும் முடித்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. இருந்தாலும் இங்கே கப்பலின் பெயரையும் ஆண்டையும் தரவில்லை. அந்தக் கேப்டனின் பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசி, ஆனி மாதம், தென்மேற்குப் பருவக்காற்று. அவ்வளவு போதும்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிடுகிறேன். பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. செயற்கைக்கோள் கருவி அன்று இருந்திருந்தால் முதல் ஆளாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். பனியனோடு மழையில் நின்று, மேக இடுக்கில் தலைகாட்டும் சூரியனைத் துரத்துவதில் எந்த அழகும் கிடையாது.

என் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே. அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்தவர்கள். பிறகு வாய்க்கால் கடைமடையில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வந்தது. மன்னார்குடியில் பள்ளி, உதவித்தொகையில் பயிற்சிக் கப்பல், மூன்று ஆண்டு துரு சுரண்டல், இரண்டு பரீட்சைகள். இருபத்தேழு வயதில் செகண்ட் ஆபீசர் ஆனேன். கப்பலில் வழி போடுவது செகண்ட் ஆபீசரின் பொறுப்பு. கடிகாரங்களும் அவன் பொறுப்பு.

குரோனோமீட்டர் என்பது கப்பலின் மூலக் கடிகாரம். மரப்பெட்டிக்குள் இரட்டை வளையத்தில் தொங்கும். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மட்டும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். காலை எட்டு மணிக்குச் சாவி கொடுக்க வேண்டும். இடது கையால் கிண்ணத்தை மெல்லக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் உள்ள தகட்டைத் தள்ளினால் சாவித் துவாரம் தெரியும். ஏழரைச் சுற்று. கடைசிச் சுற்றில் கை தணிய வேண்டும்; முட்டி நிற்பது விரலுக்குத் தெரியும். கிண்ணத்தைச் சடாரென்று விட்டுவிடக் கூடாது, கையோடு திருப்பிக் கொண்டுவர வேண்டும். முடித்ததும் கேப்டனிடம் போய், குரோனோமீட்டருக்குச் சாவி கொடுத்தாயிற்று என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கொடுக்கவில்லை என்றே பொருள்.

பிறகு சோதனை. ரேடியோ அறையில் நேரக்குறி பிடித்து, ஒலியை வரைபட அறைக்குத் திருப்பிவிடுவார்கள். பிப், பிப் என்று வந்து கடைசி பிப் விழும் நொடியில் குரோனோமீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அது அரை வினாடிக்கு ஒருமுறை தட்டும். கண் முள்ளின் மேல், காது ரேடியோவில், வாய் தட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.

வெளியாட்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. பிழை எவ்வளவு என்று தெரிந்ததும் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்றுதான் நினைப்பார்கள். திருத்துவதே இல்லை. எங்கள் குரோனோமீட்டர் உண்மையான கிரீனிச் நேரத்தைவிட ஒரு நிமிடம் ஐம்பது வினாடி பின்னால் ஓடியது. ஓடட்டும். நேற்று எவ்வளவு பின்தங்கியது, இன்று எவ்வளவு, ஒரு நாளில் எவ்வளவு கூடுகிறது என்பது தெரிந்திருந்தால் அதைவிட நம்பகமான பொருள் கப்பலில் கிடையாது. ரேடியோவே செத்துப்போனாலும் நேற்றைய பிழையோடு இன்றைய கூடுதலைச் சேர்த்துக்கொண்டு நாள்கணக்கில் போகலாம். முள்ளைத் தொட்டால் அந்த நிமிடமே எல்லாம் போயிற்று. கடிகாரத்துக்கு அதன் கடந்தகாலம் இல்லாமல் போய்விடும்.

சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைச் செக்ஸ்டன்ட் சொல்லும். எந்த நொடியில் நின்றது என்பதைக் கடிகாரம் சொல்ல வேண்டும். பூமத்திய ரேகைப் பக்கத்தில் நான்கு வினாடி தவறினால் ஒரு மைல் தவறு. அதுவும் கிழக்கு மேற்காக மட்டும். வடக்கு தெற்கு நிலையை உச்சிவெயிலில் கடிகாரம் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் கேப்டன் மதராஸ்காரர். அவரைக் குறைத்துச் சொன்னால் நான் பொய்யனாவேன். இழுவைப் படகு இல்லாமல், குறுக்கே காற்றடிக்கும்போது, அந்தப் பழைய சரக்குக் கப்பலைத் துறைமுகச் சுவரோடு முட்டை வைப்பதுபோல் ஒட்டவைப்பார். அவர் சட்டைப்பையில் பேனா இருக்காது, அழிரப்பர் இருக்கும். வரைபடம் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. ஒரு கோடு, அதன்மேல் ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி. அதற்குமேல் ஒரு கீறல் கண்டாலும் ரப்பர் வெளியே வந்துவிடும். பெரியவர்கள் கப்பலுக்கு வரும்போது எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதில் அப்படி ஒரு பிடிவாதம்.

மொம்பாசாவில் எனக்கு மலேரியா வந்து கரையில் மருத்துவமனையில் கிடந்தேன். கப்பல் தூத்துக்குடிக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் குரோனோமீட்டருக்குக் கேப்டனே சாவி கொடுத்திருந்தார். புறப்பட்ட அன்று மாலை ஓர் அலை மேல்தளத்தில் ஏறி ரேடியோ அறைக்குள் புகுந்தது. ரிசீவர் செத்தது. ரேடியோ ஆபீசர் அதைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு பாகமாகத் துடைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். நேரக்குறி இல்லை.

இதற்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. பிழையும் அன்றாடக் கூடுதலும் தெரிந்த கடிகாரம் இருக்கிறது. மறுநாள் காலை சாவி கொடுத்துவிட்டு, வழக்கப்படி அதை டெக் வாட்ச்சோடு ஒப்பிட்டேன். டெக் வாட்ச் என்பது செக்ஸ்டன்டோடு வெளியே எடுத்துப்போகும் பாக்கெட் கடிகாரம். மட்டமானது, ஆனால் பல மாதமாக இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மனப்பாடம். அன்று அந்த வித்தியாசம் இரண்டரை நிமிடம் மாறியிருந்தது.

இரண்டில் ஒன்று குதித்திருக்கிறது. எது என்று இரண்டையும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. கப்பலில் குரோனோமீட்டர் ஒன்று வை, அல்லது மூன்று வை, இரண்டு வைக்காதே என்று பழைய ஆட்கள் சொல்வது இதற்குத்தான்.

கேப்டன், சுக்கான் இருக்கும் பிரிட்ஜுக்கு வந்ததும் கேட்டேன். "நான் இல்லாதப்ப குரோனோமீட்டர் முள்ளை யாராவது தொட்டாங்களா சார்?"

சுக்கான் பிடித்திருந்த சுக்கானி காது கொடுத்தான். அவனுக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று பிற்பாடு எனக்குப் பலர் புத்தி சொன்னார்கள். வேறு யாருக்கு முன்னால் கேட்பது? கப்பலை ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

"குரோனோமீட்டர் முள்ளை எவன்யா தொடுவான்?" என்றார் கேப்டன். "டெக் வாட்ச்சை எவனாவது கீழ போட்டிருப்பான். காய்ச்சல் விட்டுதா இல்லியா உனக்கு?"

அன்றிலிருந்து வரைபடத்தில் ஒவ்வொரு நாளும் இரண்டு புள்ளி வைத்தேன். குரோனோமீட்டரை நம்பினால் ஒன்று, டெக் வாட்ச்சை நம்பினால் அதற்குக் கிழக்கே முப்பத்தேழு மைலில் இன்னொன்று. கேப்டன் வந்து கிழக்குப் புள்ளியை அழிப்பார். நான் மறுபடி வைப்பேன். "ஒரு கப்பலுக்கு ரெண்டு புள்ளி வைக்கிற செகண்டை இப்பத்தான் பாக்குறேன்" என்று சுக்கானியிடம் சொல்லிச் சிரிப்பார். சுக்கானி யாருக்குச் சாதகமாகச் சிரிப்பது என்று தெரியாமல் திசைகாட்டியை உற்றுப் பார்ப்பான்.

எங்கள் திட்டம் எளிது. மினிக்காய்த் தீவின் அட்சரேகையில் கப்பலை வைத்து நேர் கிழக்கே போவது. தீவின் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் தெற்கே திருப்பி, தீவுக்குத் தெற்கே உள்ள கடல்கால்வாய் வழியே நுழைவது. வானம் தெளிவாக இருந்தால் அது நல்ல திட்டம். ஆனி மாதத்தில் மழை இறங்கினால் கப்பலின் முன்முனையே தெரியாது. அந்தத் தீவைச் சுற்றிப் பவளப்பாறை. எப்போது திருப்ப வேண்டும் என்பதைக் கண் சொல்லாவிட்டால் கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

தீவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கேப்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "செகண்ட், குரோனோமீட்டர் சரியாத்தான் ஓடுது. எர்ரர் எதுவும் இல்லைன்னு வெச்சுக் கணக்குப் போடு."

"இல்லைன்னா? ஒண்ணு அம்பது பின்னால இருந்துச்சே சார்."

"இப்ப இல்லை."

"எதை வெச்சு சார் சொல்றீங்க?"

"நான் சொல்றேன்ல."

அந்தப் பதிலில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதே பதிலைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இன்ன மடைக்கு இத்தனை நாழிகை, அப்புறம் அடுத்த மடை. கடைமடையில் எங்கள் முறை கடைசி. நேரம் பார்க்க அந்த வாய்க்காலிலேயே ஒரே ஒரு கடியாரம்தான் உண்டு. அது மேல்மடைப் பண்ணைக்காரர் இடுப்பில் சங்கிலியோடு இருந்தது. அவர் வயலில் தண்ணீர் பாயும்போது வெளியே எடுப்பார், காதில் வைத்துக் கேட்பார், "இது முந்தி ஓடுது" என்பார், எல்லோர் கண்ணெதிரிலும் முள்ளைப் பின்னால் திருப்புவார். யாராவது முனகினால், "நான் சொல்றேன்ல" என்பார். முள் திரும்பினால் தண்ணீர் திரும்பும். எங்கள் வயலில் நாற்று சிவந்துபோய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நேரம் ஒரே ஆள் இடுப்பில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எனக்கு எந்தப் பயிற்சிக் கப்பலும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

"பார்க்காத எர்ரரைப் போடமாட்டேன் சார்" என்றேன். "நீங்க சொல்றதைத் தனியா ஒரு புள்ளியா வைக்கிறேன்."

வைத்தேன். இப்போது வரைபடத்தில் மூன்று கப்பல்கள் வரிசையாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. கேப்டனுடையது நடுவில் இருந்தது.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். "உங்க ஊர்ல நிழலை மிதிச்சு நேரம் சொல்லுவாங்களாமே" என்றார். "அதையும் ஒண்ணு வெச்சுடேன், நாலாச்சு."

"வைக்கலாம் சார். மழையில நிழல் விழாது" என்றேன்.

மறுநாள் அவர் உத்தரவு எழுதினார். நாளை மாலை நான்கு மணி வரை இதே திசை, முழு வேகம். நான்கு மணிக்கு அவருடைய புள்ளிப்படி பாறைக்குப் பத்து மைல் பாக்கி இருக்கும்; அங்கே திருப்பினால் தாராளம். டெக் வாட்ச் சொல்வது உண்மையென்றால் அந்த நான்கு மணிக்கு நாங்கள் பாறையின் மேல் இருப்போம். வேகத்தையாவது குறைக்கச் சொன்னேன். தூத்துக்குடியில் கப்பல் நிற்க இடம் நாள் குறித்துக் கொடுத்தாயிற்று, முடியாது என்றார்.

மூன்றாவது கடிகாரம் ஒன்று வேண்டும். ரேடியோ அறைச் சுவர்க்கடிகாரம் ஒரு நாளைக்கு அரை நிமிடம் தள்ளாடும். மற்றவர்களின் கைக்கடிகாரங்கள் அதற்கும் மேல். பண்டாரி காதர் பாயிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. பண்டாரி என்றால் கப்பலின் சமையல்காரர். நாகூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நடுக்கடலில் அந்தப் பெட்டியில் இரைச்சல்தான் வரும். இப்போது நம் கரை நெருங்கியிருந்தது. உத்தரவு எழுதிய அன்று மாலையிலேயே அவர் அடுப்பங்கரையிலிருந்து தமிழ்ப் பாட்டு கேட்டது.

மறுநாள் காலையில் போய்க் கேட்டேன். பெட்டியைத் தர மறுத்துவிட்டார்.

"போன தடவ மூணாம் ஆபீசர் சாப் வாங்கிட்டுப் போனாரு. திரும்பி வந்தப்ப உள்ள பேட்டரி இல்ல. டார்ச்சுல போட்டுக்கிட்டாரு. பொட்டி என் கையை விட்டு வராது தம்பி."

"அப்ப நீங்களும் வாங்க பாய்."

"நானா? சார்ட் ரூமுக்கா? கேப்டன் என்னய கடல்ல தூக்கிப் போட்டா மீன் ஆணம் யாரு வைக்கிறது?"

வந்தார். இடுப்பில் கட்டிய துணியோடு, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நம் ஊரில் எட்டு மணி என்றால் கிரீனிச்சில் இரண்டரை, எங்கள் கப்பலில் ஏழரை. எட்டு மணிச் செய்திக்கு முன்னால் பிப் ஒலி வரும். காதர் பாய் ஏரியலை ஜன்னல் கம்பியில் மாட்டிச் சிற்றலையைத் திருகினார். இரைச்சலுக்குள் ஏதோ விளம்பரம் போல ஒரு குரல் வந்துபோயிற்று. நான் குரோனோமீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

மீன் வாசனை பிரிட்ஜ் வரை போயிருக்க வேண்டும். கேப்டன் கதவில் நின்றார். "சார்ட் ரூம்ல பண்டாரிக்கு என்ன வேலை?"

நான் திரும்பவில்லை. முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாத நேரம் அது. "நேரம் பார்க்கிறோம் சார். நீங்களும் பாருங்க" என்று பெட்டியைப் பார்த்தே சொன்னேன்.

அவர் என்னைத் தள்ளிவிட்டுப் பெட்டியை மூடியிருக்கலாம். அதற்கான அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. என் தோளுக்கு மேல் குனிந்து முள்ளைப் பார்த்தார். இதையும் எழுத வேண்டியது என் கடமை.

பிப் வந்தது. கடைசி பிப்பில் குரோனோமீட்டர் இரண்டரையைத் தாண்டி நாற்பது வினாடி காட்டியது. பின்னால் இல்லை. முன்னால்.

காதர் பாய் பெட்டியை அணைத்தார். நான் டெக் வாட்ச்சைப் பார்த்தேன். அது மொம்பாசாவில் என்ன பிழை காட்டியதோ அதே பிழையோடு, ஓரிரண்டு வினாடி வித்தியாசத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மட்டமான கடிகாரம் குதிக்கவில்லை.

பண்டாரியின் பெட்டியை நம்பிக் கப்பலைத் திருப்பச் சொல்கிறாயா என்று கேப்டன் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"முள்ளை நான்தான் திருப்பினேன்" என்றார். "மொம்பாசாவுல கம்பெனிக்காரர் வந்திருந்தார். சரக்கு ஆளுங்களை வெச்சுக்கிட்டு, உங்க குரோனோமீட்டர் ரெண்டு நிமிஷம் பின்னால ஓடுதேன்னு சிரிச்சார். துறைமுக ஆபீஸ் கடியாரத்தைப் பார்த்து என் வாட்ச்ல வெச்சுக்கிட்டு வந்து சரி பண்ணேன். தப்பா ஓடுற கடியாரத்தைச் சரி பண்றது ஒரு குத்தமாய்யா?"

"சரி பண்ணலை சார். எவ்வளவு தப்புன்னு தெரிஞ்ச கடியாரத்தை, எவ்வளவு தப்புன்னு யாருக்குமே தெரியாத கடியாரமா மாத்தினீங்க."

காதர் பாய் பெட்டியோடு மெல்ல நழுவினார். போகிற போக்கில், "மீன் தீயுது" என்றார்.

கேப்டன் பிரிட்ஜுக்குப் போய்த் தானே உத்தரவு கொடுத்தார். கப்பல் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே திரும்பியது. மதியத்துக்கு மேல் மழை சுவர்போல் இறங்கிற்று, வேகத்தைக் குறைத்தார். ஐந்து மணி சுமாருக்கு வடக்குப் பக்கம் திரை விலகியதுபோல் கொஞ்சம் வெளுத்தது. தென்னைகள், வெள்ளைக் கோபுரமாகக் கலங்கரை விளக்கம், அதற்கு முன்னால் நீளமாக நுரைக்கும் வெள்ளைக் கோடு. அதன் திசையை எடுத்து வரைபடத்தில் போட்டேன். கோடு என் கிழக்குப் புள்ளிகளின் வரிசையோடு ஒட்டிப் போயிற்று. கேப்டன் பைனாகுலரை இறக்காமல் வெகுநேரம் நின்றார். நுரைக்கோடு மறுபடி மழைக்குள் போன பிறகும் இறக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் கலைவாணிக்குச் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

தூத்துக்குடிக்கு முந்தைய நாள் கேப்டன் வரைபட அறைக்கு வந்தார். மொம்பாசாவில் சிரித்த அதே பெரியவர் தூத்துக்குடியிலும் ஏறப்போகிறார் என்று செய்தி. சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தார்.

"ரெண்டு வரிசையை அழிச்சிடு. கிழக்க இருக்கறது மட்டும் இருக்கட்டும். ஆரம்பத்துலேர்ந்தே அதுதான் தெரியும்னு இருக்கட்டும். எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது. அடுத்த கப்பல்ல நீ சீஃப் ஆபீசர், நான் எழுதித் தர்றேன்."

யோசித்துப் பாருங்கள், அவர் கேட்டது பெரிய பொய்கூட இல்லை. மிச்சம் வைக்கச் சொன்னது உண்மையான வரிசையைத்தான். பயணம் முடிந்ததும் பென்சில் கோடுகளை அழித்து வரைபடத்தை அடுத்த பயணத்துக்குத் தயார் செய்வது எல்லாக் கப்பலிலும் வழக்கம். ஒரு நாள் முன்னதாக அழிக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். ஊரில் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீஃப் ஆபீசர் என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அடுத்த செகண்ட் ஆபீசர் அந்தக் குரோனோமீட்டரை என்ன செய்வான்? அதன் முள் திருப்பப்பட்டது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கையில் சுத்தமான ஒரு வரைபடம் இருக்கும்; அதில் எங்கள் கப்பல் ஒருநாளும் சந்தேகப்பட்டதே கிடையாது.

வரைபடத்தில் மை படக் கூடாது என்பது கடலில் முதல் பாடம். எப்போதும் பென்சில், அதுவும் மென்மையான பென்சில். நான் பேனாவை எடுத்தேன். மூன்று வரிசையிலும் ஒவ்வொரு புள்ளியையும் மையால் குத்தினேன். மேற்கே இருந்த வரிசைக்குப் பக்கத்தில், பழைய பிழையை வைத்து என்று எழுதினேன். நடுவே இருந்ததற்கு, முள்ளைத் திருப்பிய பின் கேப்டன் சொன்னபடி. கிழக்கே இருந்ததற்கு, டெக் வாட்ச். பிறகு நேரக்குறி கேட்டு உறுதி செய்தது. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

கேப்டன் ரப்பரை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அந்தப் பயணம் முடிந்து என்னைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை மூன்று வரி. கீழ்ப்படியாதவர். கப்பலின் வரைபடத்தை மையால் பாழாக்கினார். பதவி உயர்வுக்கு உகந்தவர் அல்லர். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முதல் இரண்டு வரியும் உண்மை, மூன்றாவது அவர் கருத்து என்று அதன்மேல் எழுதிப் போட்டேன். அதுவும் கீழ்ப்படியாமையாயிற்று.

கலைவாணி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அந்தக் கம்பெனியில் எனக்குப் பதவி உயர்வு வரவே இல்லை. கூடப் படித்தவர்கள் சீஃப் ஆபீசராகி, கேப்டனாகி, கரையில் நாற்காலி பிடித்துவிட்டார்கள். நான் அதே செகண்ட் ஆபீசராக, வேறு வேறு குரோனோமீட்டர்களுக்கு ஏழரைச் சுற்று கொடுத்துக்கொண்டிருந்தேன். தங்கை கல்யாணத்தில், "மாப்பிள்ளைக்கு இன்னும் ப்ரமோஷன் வரலியா?" என்று மாமா என்னைப் பார்த்துப் பந்தி முழுக்கக் கேட்கும்படி கேட்டார். கடைசியில் வேறு கம்பெனி மாறி, தலைமுடி நரைத்த பிறகுதான் கேப்டன் ஆனேன். என் கப்பல்களில் முள்ளைத் தொட்டவர் யாரும் இல்லை, நான் உட்பட. அந்த அறிக்கையை எடுக்கச் சொல்லி ஒரு மனுகூட நான் கொடுத்ததில்லை. கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு. என்ன பிழை, யார் சொன்னது, எந்த நாளில் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிற ஒன்றை எதற்குத் திருப்பி வைப்பது?

உன்னோடு பேசாத கேப்டன் நாளைக்கு உன்னைப் பற்றியும் மூன்று வரி எழுதலாம். எழுதமாட்டார் என்று நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். பாழான வரைபடத்தைத் தூத்துக்குடியில் குப்பையோடு சேர்த்துவிட்டார்கள். நான் கப்பலை விட்டு இறங்கிய அன்று காதர் பாய் நீளமாகச் சுருட்டிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். மீன் ஆணக்கறை ஒரு மூலையில் ஏறியிருந்தது.

"கருவாடு மடிக்க எடுத்தேன் தம்பி. விரிச்சுப் பாத்தா உங்க கிறுக்கலு. உங்க சரக்கை நீங்களே வெச்சுக்குங்க."

இப்போது அது மன்னார்குடியில் என் புத்தக அலமாரிக்கு மேல் இருக்கிறது. காகிதம் பழுத்துவிட்டது. மை அப்படியே இருக்கிறது. அடுத்த தையில் மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பொன்னாடை வேண்டாம். மேடைக்குப் பின்னால் சுவரில் இரண்டு ஆணி அடித்து வையுங்கள், நான் கொண்டுவருகிறேன்.